கையில் கம்ப்யூட்டர், கடிவாளம் யாரிடம்?

விலை 69,990 ரூபாய். 2023 ஜூலையில் ஆசுஸ் நிறுவனத்தின் ‘ராக் ஆலி’ இந்தியச் சந்தைக்கு வந்தபோது கேட்ட தொகை இது. இரண்டு கைகளாலும் பிடித்து விளையாட ஒரு பெட்டி. நடுவில் 7 அங்குலத் திரை. இரு பக்கமும் பொத்தான்கள். கட்டைவிரலுக்குத் தோதாக இரண்டு குமிழ்கள். அந்தப் பணத்துக்கு நல்ல லேப்டாப் ஒன்று வாங்கலாமே என்பார் அப்பா. இதுவும் கம்ப்யூட்டர்தான் என்பான் மகன். இருவர் சொல்வதும் உண்மை என்பதுதான் சிக்கல்.

திருவனந்தபுரத்தில் இந்தப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-ல் தொடங்கிய ஊர் இது. மாதச் சம்பளம் வாங்கும் சாஃப்ட்வேர் இளைஞர்கள் இங்கு ஏராளம். வளைகுடாவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் உறவினர்களுக்கும் குறைவில்லை. கையடக்க விளையாட்டுக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எதை வாங்குவது? எந்த சிப் வேகமானது, எந்தத் திரை பளிச்சென்று இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பட்டியல் போடுகிறார்கள். உண்மையில் பெரிய கேள்விகள் இரண்டு. வாங்கிய பிறகு அந்தப் பெட்டி யார் சொல்படி கேட்கும்? பழுதானால் யார் பார்ப்பார்கள்? இவற்றில் முதல் கேள்வியை இந்த ஊர் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தன் பள்ளிக்கூடங்களுக்காக, கேட்டு முடித்துவிட்டது.

வந்த வழி

கையில் அடங்கும் கம்ப்யூட்டர் இந்தியாவுக்குப் புதிதல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த ‘சிம்ப்யூட்டர்’ 2001-ல் வெளி உலகுக்குக் காட்டப்பட்டது. 2004-ல் ‘அமிடா’ என்ற பெயரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாகக் கடைக்கு வந்தது. அதை இயக்கியது லினக்ஸ். கருவியைச் சாய்த்தால் அதை உணரும் வசதிகூட அதில் இருந்தது; ஐபோன் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. ஏழை எளியவர்களின் கம்ப்யூட்டர் என்று புகழப்பட்ட அது, செல்போன் அலையில் காணாமல் போனது.

விளையாட்டுக்கென்றே கைக்கம்ப்யூட்டர் செய்யும் முயற்சி 2016-ல் சீனாவின் ஷென்சென் நகரத்துச் சிறு நிறுவனமான ஜி.பி.டி.யிடமிருந்து வந்தது. ஆனால் அது ஆர்வலர்களின் பொம்மையாகவே இருந்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம் டெக்’ கருவியை 399 டாலர் ஆரம்ப விலையில் விற்கத் தொடங்கியபோதுதான் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். வால்வ் ஏற்கெனவே ‘ஸ்டீம்’ என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் விளையாட்டு விற்பனை நிலையத்தை நடத்தி வந்தது. கருவியில் லாபம் குறைந்தாலும் விளையாட்டு விற்பனையில் ஈடு கட்டிவிடலாம் என்ற கணக்கு அதற்கு இருந்தது.

2023-ல் ஆசுஸின் ஆலியும் லெனோவோவின் ‘லீஜியன் கோ’வும் வந்தன. 2024-ல் எம்.எஸ்.ஐ.யின் ‘கிளா’. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டும் ஆசுஸும் கைகோத்து ‘ராக் எக்ஸ்பாக்ஸ் ஆலி’யைக் கொண்டு வந்தன. அதன் உயர் ரகத்துக்கு இந்தியாவில் வைத்த விலை 1,14,990 ரூபாய். விளையாட்டுச் சாமான் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எண்களின் ஜாலம்

கடைக்காரர் முதலில் சொல்வது சிப்பின் பெயரை. அதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, இரண்டு எண்களைக் கேட்பது நல்லது: பேட்டரி எத்தனை வாட்-மணி, எடை எத்தனை கிராம்.

கணக்கு எளிது. முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. கனமான விளையாட்டு ஒன்று சிப், திரை, மின்விசிறி எல்லாம் சேர்த்து 20 வாட் இழுத்தால் 2 மணி நேரம் ஓடும். முதல் ஆலியிலும் அதே 40 வாட்-மணிதான். ஆனால் அதன் சிப்பை 30 வாட் வரை முடுக்கிவிடலாம். அப்படி முடுக்கினால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. வேகமான கருவி என்று வாங்கியவர் மின்சாரச் சுவரைத் தேடி ஓடிய கதை இதுதான். ஆசுஸ் 2024-ல் ‘ஆலி எக்ஸ்’ ரகத்தில் பேட்டரியை இரட்டிப்பாக்கி 80 வாட்-மணி ஆக்கியது. வால்வ் 2023 நவம்பரில் ஓலெட் திரையுடன் வெளியிட்ட டெக்கில் அது 50 ஆனது.

திருவனந்தபுரத்தில் மாலையில் ஏறினால் சென்னை மெயிலில் 16 மணி நேரத்துக்கும் அதிகமான பயணம். பெரிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கினால் எந்தக் கருவியும் கொல்லம் தாண்டிச் சில ஸ்டேஷன்கள் வரை தாக்குப்பிடித்தால் அதிகம். பழைய விளையாட்டுகளும் ஓவியம்போல் தட்டையான காட்சிகள் கொண்ட சிறு விளையாட்டுகளும் வேறு ரகம். சிப் 5 அல்லது 6 வாட்டில் ஓடும்போது பேட்டரி பல மணி நேரம் உழைக்கும். ஆகவே கேட்க வேண்டியது, இது எவ்வளவு வேகம் போகும் என்பது அல்ல. மெதுவாகப் போகும்போது எவ்வளவு சிக்கனம் என்பதே. குறைந்த வாட்டில் டெக் நன்றாக உழைக்கும் என்பது அதன் தனிப் பெருமை.

எடைக்கு வருவோம். முதல் ஆலி 608 கிராம். ஓலெட் டெக் 640. ஆலி எக்ஸ் 678. முதல் லீஜியன் கோ, கைப்பிடிகளையும் சேர்த்து 854 கிராம். படிக்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அரைமணி நேரம் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும். லீஜியனின் 8.8 அங்குலத் திரை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு சமரசம் தேவை. கடையில் காட்சிக்கு வைத்திருந்தால் ஐந்து நிமிடம் அல்ல, இருபது நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

திரையின் புள்ளிக் கணக்கும் அப்படித்தான். டெக்கில் 1280-க்கு 800. ஆலியில் 1920-க்கு 1080. முதல் லீஜியன் கோவில் 2560-க்கு 1600. புள்ளிகள் கூடக் கூட அவற்றை நிரப்புகிற வேலை சிப்புக்குக் கூடுகிறது. லீஜியன் வைத்திருப்பவர்கள் பெரிய விளையாட்டுகளை ஓட்டும்போது புள்ளிகளைக் குறைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கூர்மையில் பாதி சும்மா கிடக்கிறது.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. இந்தக் கருவிகளில் இருப்பது சின்ன விசிறி. அறையில் இருக்கும் காற்றை இழுத்துச் சூட்டோடு வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அறையே 33 டிகிரியில் இருந்தால் உள்ளே போவதும் 33 டிகிரிக் காற்றுதான். குளிர்தேச விமர்சகர்கள் எழுதும் வேகக் கணக்குகளை ஏப்ரல் மாதத்துத் திருவனந்தபுரத்தில் அப்படியே எதிர்பார்க்க முடியாது.

பள்ளிக்கூடம் சொன்ன பாடம்

இனி அந்த முதல் பெரிய கேள்வி. சந்தையில் இருக்கும் கருவிகள் இரண்டு சாதி. டெக்கில் இருப்பது ‘ஸ்டீம் ஓ.எஸ்.’, அதாவது லினக்ஸின் ஒரு வடிவம். ஆலி, கிளா, லீஜியன் கோ ஆகியவை பெரும்பாலும் விண்டோஸுடன் வருகின்றன.

இந்த இரண்டில் எது என்ற விவாதம் திருவனந்தபுரத்துக்குப் பழையது. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. இயக்கத்தின் மூலவரான ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். அதே காலத்தில் கேரள அரசு பள்ளிகளுக்கு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைக் கொண்டு வந்தது. தொடக்கத்தில் பாடங்கள் விண்டோஸை ஒட்டியே இருந்தன. ஒரு கம்பெனியின் சரக்கை அரசுச் செலவில் பிள்ளைகளுக்குப் பழக்குவதா என்று ஆசிரியர்களும் ஆர்வலர்களும் கேட்டார்கள். ஸ்டால்மன் 2006 ஆகஸ்டில் மீண்டும் வந்து ஆட்சியாளர்களைச் சந்தித்தார். சில ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறிவிட்டன. திட்டம் 2017-ல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருளைப் போடுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019 மே மாதம் அந்த நிறுவனம் சொன்னது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது அதன் கணக்கு. அந்தத் தொகையைப் பற்றி வாதிடலாம். மாற்றம் நடந்தது என்பதில் வாதமில்லை.

ஆகவே கேரள அரசுப் பள்ளியில் படித்து வந்த இளைஞருக்கு லினக்ஸ் அந்நியமல்ல. அவர் ஸ்டீம் டெக்கை வாங்கி அதன் மேசைத்தளத்தைத் திறந்தால், முன்பே பழகிய தெருவில் நடப்பதுபோல் இருக்கும். கோப்புகள் எங்கே, கட்டளை எங்கே தட்டுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று இந்த இயக்கத்தினர் விடாமல் சொல்லி வந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அங்கு குழப்பம். மலையாளத்தில் ‘சுதந்திர சாஃப்ட்வேர்’, தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சொல்லும்போது குழப்பத்துக்கு இடமில்லை. விலை பற்றிய பேச்சல்ல இது, உரிமை பற்றியது. இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டெக்கின் அடித்தளம் கட்டற்றதுதான். ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்டீம் கடை ஒரு கம்பெனியின் சொத்து. அங்கு வாங்கும் விளையாட்டும் வாங்கியவருக்குச் சொந்தமல்ல. ஆடுவதற்கு உரிமம் மட்டுமே. கடிவாளத்தில் பாதி கைக்கு வருகிறது. மீதி பாதி வால்விடம்தான்.

ஓடுவதும் ஓடாததும்

விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடும்? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். ‘புரோட்டான்’ என்று பெயர். 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டது. 1993-ல் தொடங்கிய ‘வைன்’ என்ற தன்னார்வலர் திட்டத்தின் மேல் கட்டியது. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் புரோட்டான் வாங்கி லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. நல்ல மொழிபெயர்ப்பாளரைப்போல், இருப்பதே தெரியாமல் வேலை செய்கிறது. எந்த விளையாட்டு டெக்கில் நன்றாக ஓடும், எது ஓடாது என்று வால்வ் சோதித்து அடையாளக் குறி இடுவதால் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளரை வாசலிலேயே நிறுத்திவிடும் இடங்களும் உண்டு. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கக் காவல் புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றில் சில விண்டோஸின் அடிவயிறு வரை நுழைந்து பார்க்கின்றன. லினக்ஸில் அந்த ஏற்பாடு நடக்காது. ‘வேலரன்ட்’, ‘ஃபோர்ட்நைட்’ இரண்டும் டெக்கில் நேரடியாக ஓடா. ‘அபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது; 2024 இறுதியில் அதன் நிறுவனம் லினக்ஸ் கதவைச் சாத்தியது. ஜி.டி.ஏ.யின் இணைய ஆட்டமும் 2024 செப்டம்பரில் புதுக் காவல் வந்ததும் டெக்கில் நின்றுபோனது. தனியாக ஆடும் கதைப்பகுதிக்குப் பாதிப்பில்லை.

எனவே நண்பர்களோடு சேர்ந்து வேலரன்ட் ஆடுவதற்கென்றே கருவி கேட்கிறவருக்கு லினக்ஸைப் புகழ்ந்து பயனில்லை. விண்டோஸ்தான் வழி. தனியாக, நிதானமாக, கதை கேட்பதுபோல் ஆடுகிறவருக்கு விண்டோஸ் தேவையில்லாத சுமை. 7 அங்குலத் திரையில் விரல் நுனியால் சிறு பெட்டிகளைத் தட்டுவதும், ஆட்டத்தின் நடுவே வந்து நிற்கும் அப்டேட்டும், தூங்க வைத்த கருவி பைக்குள் தானே விழித்துச் சூடாகிக் கிடப்பதும் விண்டோஸ் கைக்கருவிகளைப் பற்றித் தொடர்ந்து வந்த புகார்கள். மைக்ரோசாஃப்ட்டும் இதை உணர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் ஆலியில் விண்டோஸின் முகத்தை மறைத்து, விளையாட்டுகளை மட்டும் முழுத்திரையில் காட்டும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. முகம் மாறியிருக்கிறது. உடம்பு அதே விண்டோஸ்தான்.

பில் எங்கே?

இரண்டாவது கேள்வியில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஸ்டீம் டெக்கை வால்வ் இந்தியாவில் விற்பதில்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் நேரடியாகவும் ஜப்பான் உள்ளிட்ட சில கிழக்காசிய நாடுகளில் இன்னொரு நிறுவனம் வழியாகவும் விற்கிறது. இங்கு கிடைப்பவை தனியார் தருவித்தவை. விலை, தருவித்தவர் வைத்ததே. உத்தரவாதம், விற்றவரின் வாய்ச்சொல்லே.

துபாயிலிருந்து மாமா கொண்டுவருவார் என்பது திருவனந்தபுரத்து வீடுகளில் இயல்பான யோசனை. ஆனால் வளைகுடாவிலும் வால்வ் நேரடியாக விற்பதில்லை. அங்கு கிடைப்பதும் தருவித்த சரக்கே. மாமா கொண்டுவருவது கருவியை மட்டும்தான், உத்தரவாதத்தை அல்ல. அமெரிக்காவில் வாங்கிய கருவி இங்கு பழுதானால் அதை மறுபடி அமெரிக்க முகவரிக்கு அனுப்பித் திரும்பப் பெற வேண்டியிருக்கும். போக்குவரத்துச் செலவும் சுங்கமும் சேர்ந்தால் பழுது பார்த்த மகிழ்ச்சி மிஞ்சாது.

பழுது வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கட்டைவிரல் குமிழ்கள் தேய்ந்து, தொடாமலே ஒரு பக்கம் இழுப்பது இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் உள்ள நோய். 2023 ஜூலையில், அதிக வெப்பத்தில் முதல் ஆலியின் மெமரி கார்டு படிக்கும் பகுதி செயலிழக்கக் கூடும் என்று ஆசுஸ் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அது போன்ற நேரத்தில் இந்திய பில் கையில் இருப்பவர் சர்வீஸ் சென்டரில் வரிசையில் நிற்கலாம். பில் இல்லாதவர் எங்கே நிற்பது?

சட்டம் இந்த இடத்தில் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். திருவனந்தபுரத்துக்காரர் டில்லிக் கடைக்காரருக்கு எதிராகத் திருவனந்தபுரத்தில் வழக்காடலாம். ஆனால் கையில் பில் வேண்டும். விற்றவருக்கு ஒரு முகவரி வேண்டும். ‘பில் இல்லாமல் என்றால் நாலாயிரம் குறைவு’ என்று சொல்லும் கடையில் அந்த நாலாயிரத்துக்கு விற்கப்படுவது இந்த உரிமைதான்.

டெக்குக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். அதைத் திறந்து பழுதுபார்க்க வழி உண்டு. ஐஃபிக்ஸிட் நிறுவனம் மூலம் உதிரி பாகங்களையும் செய்முறை விளக்கங்களையும் 2022-லேயே வால்வ் கிடைக்கச் செய்தது. திருப்புளி பிடிக்கத் தெரிந்தவருக்கு, குமிழையும் விசிறியையும் தானே மாற்றத் துணிபவருக்கு, உத்தரவாதமில்லாத டெக்கும் பெரிய ஆபத்தல்ல. மற்றவர்களுக்கு ஆபத்துதான்.

மூன்றாவது வழி

இதுவரை பார்த்ததில் ஒரு முரண் தெரியும். லினக்ஸ் கருவிக்கு இங்கு உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் உள்ள கருவியில் விண்டோஸ்தான் இருக்கிறது. 2025 மே மாதத்தில் இந்த முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது. ஸ்டீம் ஓ.எஸ்.ஸை டெக்குக்கு வெளியே கொண்டுவந்த வால்வ், லெனோவோவின் ‘லீஜியன் கோ எஸ்’ கருவியில் அதைக் கம்பெனியிலிருந்தே போட்டு விற்க வழி செய்தது. ஏ.எம்.டி. சிப் கொண்ட பிற கைக்கருவிகளிலும், ஆலி உட்பட, அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னது. அதற்கு முன்பே ‘பஸைட்’ என்ற பெயரில் ஆர்வலர் குழு ஒன்று இதே வேலைக்கான லினக்ஸை இலவசமாகக் கொடுத்து வந்தது.

ஆக, இங்கு பில்லோடு, உத்தரவாதத்தோடு ஒரு ஆலியை வாங்கலாம். சில வாரம் விண்டோஸில் ஆடி, குமிழும் திரையும் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகு, விண்டோஸைத் திரும்பக் கொண்டுவர வழி வைத்துக்கொண்டு லினக்ஸைப் போடலாம். பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றலாம். கேரளப் பள்ளிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கம்ப்யூட்டர் எந்தக் கம்பெனியிடமிருந்தும் வரட்டும், அதற்குள் என்ன ஓட வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம் என்றார்கள்.

இந்த வழியில் முள்ளும் உண்டு. கருவிக்கென்று ஆசுஸ் எழுதிய சில வசதிகள் லினக்ஸில் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். இன்டெல் சிப் கொண்ட கிளா போன்றவற்றுக்கு வால்வின் ஆதரவு இதே அளவில் இல்லை. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுப்பது வாக்குவாதத்தைத் தவிர்க்கும். கம்ப்யூட்டரில் கை வைக்கத் தயங்குகிறவர்கள் வாங்கியபடியே வைத்துக்கொள்வது மேல்.

எந்த விளையாட்டுக்கு?

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தமிழர்கள் அறிய வேண்டிய ஓர் உதாரணம் உண்டு. டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. கணவர் பாவலன், மகன் கவின். அம்மா தந்த சமையல் குறிப்பேட்டின் சிதைந்த பக்கங்களை வைத்து, விட்டுப்போன வரிகளை ஊகித்து, இட்லியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சமைக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. மகனின் தமிழ் நழுவுவதும், அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பதும்தான் கதை. 2024-ல் பாஃப்டா அமைப்பின் முதல் படைப்புக்கான விருதைப் பெற்றது. எந்தக் கைக்கம்ப்யூட்டருக்கும் இந்த விளையாட்டு சுமையே அல்ல. லட்ச ரூபாய்க் கருவியில் கிடைக்கும் அனுபவமே பழைய டெக்கிலும் கிடைக்கும். இதை வீட்டில் இருக்கும் சாதாரண லேப்டாப்பிலேயே ஆடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டீம் கடையின் முகப்பை இரண்டு டஜனுக்கு மேற்பட்ட மொழிகளில் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. டெக்கின் அடியில் இருக்கும் கே.டி.இ. மேசைத்தளத்துக்கோ தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கம் பல ஆண்டுகளாக உண்டு. விண்டோஸிலும் தமிழ் முகப்பு உண்டு. ஆட்கள் கேட்டால், அல்லது தாங்களே உட்கார்ந்து செய்தால், தமிழ் வரும். கடை பூட்டியிருந்தால் கேட்பதோடு சரி.

உண்மையில் தேவையா?

அப்பாவின் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும் என்றால், அது கைக்கருவியாக இருக்கக் கூடாது. டாக் ஒன்றைச் செருகி, மானிட்டர், கீபோர்டு, மௌஸ் எல்லாம் மாட்டினால் இதிலும் புரோகிராம் எழுதலாம், கட்டுரை தட்டலாம் என்று மகன் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தச் சாமான்களுக்கும் காசு வேண்டும். வகுப்பறைக்கு அவற்றை எல்லாம் தூக்கிப் போகவும் முடியாது. லேப்டாப் ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு, அல்லது சொந்தச் சம்பாத்தியத்தில் ஆசைப்பட்டு வாங்குகிறவருக்கு உரியது இது.

பெற்றோரின் இன்னொரு பயத்துக்குப் பதில் உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடை செய்வது பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை அல்ல. ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். தள்ளுபடி நாட்களுக்குக் காத்திருந்தால் பழைய நல்ல விளையாட்டுகள் சினிமா டிக்கெட் விலைக்கு வரும். கருவியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

அவசரப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்வது கடினம். செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் அவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. மெமரி விலை ஏறினால் கைக்கருவி விலையும் ஏறும். வால்வ் தன் மலிவான, ஓலெட் அல்லாத டெக்கின் உற்பத்தியை 2025 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. ‘கொஞ்சம் பொறுத்தால் விலை குறையும்’ என்ற பழைய பொன்மொழி இந்தச் சந்தையில் இப்போது எடுபடவில்லை. ஆனாலும் தேவையில்லாததை விலை ஏறும் முன் வாங்குவது சேமிப்பு ஆகாது.

சுருக்கமாகச் சொன்னால் கணக்கு இவ்வளவுதான். இணையத்தில் நண்பர்களோடு மோதுகிறவர், இங்கு விற்கும் விண்டோஸ் கருவியை பில்லோடு வாங்கட்டும். தனியாக ஆடுகிறவர், கருவியைப் பிரித்துப் பார்க்க அஞ்சாதவர், டெக்கைத் தேடிப் போகலாம். இரண்டும் வேண்டும் என்பவர் ஏ.எம்.டி. சிப் கொண்ட கருவியை இங்கு வாங்கி, லினக்ஸைத் தானே போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் பேட்டரியை வாட்டால் வகுத்துப் பார்த்து, எடையைக் கையால் அளந்து பார்த்து, பில்லை அலமாரியில் பத்திரப்படுத்திய பிறகு ஆட்டத்தைத் தொடங்கலாம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஆசிரியர்கள் கேட்ட கேள்வி, பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கம்ப்யூட்டர் வேகமானது என்பது அல்ல. அது யாருடைய கம்ப்யூட்டர் என்பது. அந்த வகுப்பறைகளில் படித்தவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். 70,000 ரூபாயை எண்ணி வைக்கும் முன் அதே கேள்வியை ஒரு முறை கேட்டுக்கொள்வது அவர்களுக்குப் பழக்கமான காரியம்தான்.